மார்கழித் தள்ளுபடி

தீபாவளிப் பட்டாசைத் தீபாவளி அன்று சாயங்காலம் வாங்குகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆன்டோ அந்த ரகம். கடை கட்டும் நேரத்துக்குப் போனால் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. ஊரே வெடித்து ஓய்ந்து, தெருவெல்லாம் காகிதக் குப்பையாய்க் கிடக்கும்போது செம்மண்டலத்தில் அவன் வீட்டு வாசலில் மட்டும் சரவெடி கிளம்பும். கல்யாணப் புடவையையே ஆடித் தள்ளுபடியில் எடுத்தவன். அவன் மனைவி பிரிசில்லா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். புடவை நன்றாகத்தான் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குக் குளிர் விட்டுப்போனது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவன் பாதுகாப்பு அதிகாரி. எந்தக் குழாய் கசிகிறது, எந்த மூலையில் துரு ஏறுகிறது என்று மோப்பம் பிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி சந்தைக்கு வந்தது ஆவணியில். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப். கம்பெனி வைத்தது வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேர். விளம்பரத்தில் சேற்று ஆற்றுக்குள் முங்கி அது கரையேறி வருவதைப் பார்த்துவிட்டுக் கடலூர்ப் பையன்கள் வைத்த பேர் எருமை. அந்தப் பேர்தான் நிலைத்தது. ஆன்டோ அந்த விளம்பரத்தைச் சாப்பிடும்போது பார்த்தான், பஸ்ஸில் பார்த்தான், கோயிலில் பிரசங்கத்தின்போதும் பார்த்துப் பிரிசில்லாவிடம் கிள்ளு வாங்கினான். மாமியார் சவரிமேரி இருப்பது குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில். மழைக்காலம் வந்தால் அங்கே போகும் பாதை பாதையாக இருக்காது. ஆசைக்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் கதிரவன் யோசிக்கவே இல்லை. முதல் நாளே பணம் கட்டினான். ஆயுதபூஜைக்கு வண்டி வந்துவிட்டது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராக ஆன்டோ வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மச்சான், நீயும் போடு. ரெண்டு எருமையையும் தேவனாம்பட்டினம் மணல்ல ஓட்டலாம்."

"அவசரப்படாதடா. மார்கழி வரட்டும்."

"மார்கழில எவனாவது புது வண்டி எடுப்பானா?"

"எடுக்க மாட்டானுங்க இல்ல? அதுக்குதான் சொல்றேன். உங்களுக்குதான்டா அது மார்கழி. எங்களுக்குக் கிறிஸ்மஸ் மாசம். ஒருத்தனும் ஷோரூம் பக்கம் தலைவெச்சிப் படுக்க மாட்டான். வருசக் கடைசி வேற. நான் கேக்கற வெலைக்குக் குடுப்பானுங்க."

கதிரவன் சிரித்தான். பிரிசில்லாவும் சிரித்தாள். ஆன்டோவுக்கு ஒரே பெருமை. ஊரே நல்ல நாள் பார்த்து நிற்கும் வாசலுக்குள் தான் மட்டும் தாராளமாகப் புகுந்து வரலாம் என்பது அவனுக்குப் பெரிய ராஜதந்திரமாகப் பட்டது. மார்கழிக்கு முன்னால் ஒரு கார்த்திகை வரும், கடலூரில் கார்த்திகை எப்படி வரும் என்பதை அந்த ராஜதந்திரி கணக்கில் சேர்க்கவில்லை.

வந்தது. புயல் ஒரு பக்கம், தென்பெண்ணை ஒரு பக்கம். விடிந்து பார்த்தால் செம்மண்டலத்தில் தெருவும் இல்லை, சாக்கடையும் இல்லை, எல்லாம் ஒரே காவி நிறத் தண்ணீர். ஆன்டோ மகள் கிரேசியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்றான். யூகேஜி படிக்கிற குழந்தை, அதற்கு எல்லாமே வேடிக்கை. மதியத்துக்கு மேல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கதிரவனின் எருமை வந்தது. மேட்டுப் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனான். பிரிசில்லா வண்டியின் கதவைத் தடவிக் கொடுத்தாள்.

"நம்மளும் அப்பவே எடுத்திருக்கலாம்ங்க" என்றாள்.

ஆன்டோவுக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் அதைப் பார்த்தான். ஷோரூம்காரர்கள் புது வண்டிகளை நிறுத்திவைக்கும் வளாகம் சாலையோரப் பள்ளத்தில் இருந்தது. சுற்றுச்சுவருக்கு உள்ளே வெறும் கூரைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. பிளாஸ்டிக் உறை பிரிக்காத கூரைகள். தண்ணீரில் மிதக்கிற சவப்பெட்டிகளைப் போல இருந்தன. பாதையிலேயே கண்ணாக இருந்த கதிரவனோ, மறுபக்கம் உட்கார்ந்திருந்த பிரிசில்லாவோ அதைக் கவனிக்கவில்லை. பார்த்தது அவன் ஒருவன்தான்.

இவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஆன்டோ முன்பே கேட்டு வைத்திருந்தான்; மார்கழி பிறந்ததும் ஷோரூமிலிருந்து தமிழ்மணி போனில் பேசினான். விற்பனைப் பையன், வாயைத் திறந்தால் தேன்.

"சார், உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். நீங்க கேட்டதவிட டபுளா கொறச்சித் தர்றோம். வெளிய சொல்லிடாதீங்க."

கேட்டதைவிட இரண்டு மடங்கு. கடைக்காரன் தானாக இரண்டு மடங்கு இறங்கினால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? ஆன்டோவும் அதைத்தான் நினைத்தான்.

"தண்ணி ஏறுன வண்டியா தம்பி?"

"ஐயோ, என்ன சார்! இது வேற எடத்து ஸ்டாக்கு. சிதம்பரத்துல நின்னுது, இப்பதான் வந்துது."

கார்த்திகை மழையில் சிதம்பரம் மட்டும் காய்ந்துகொண்டா இருந்தது என்று ஒரு கேள்வி ஆன்டோவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டான். விழுங்கின பிறகு கதிரவனுக்குப் போன் போட்டு ஜம்பமடித்தான்.

"மச்சான், நல்ல மெக்கானிக் ஒருத்தன கூட்டிட்டுப் போ. கீழ கெடக்குற கார்ப்பெட்ட தூக்கிப் பாக்கச் சொல்லு. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடு."

"முழு வெல குடுத்தவனுக்கு வயித்தெரிச்சல் இருக்கும்டா. பரவால்ல."

"வயித்தெரிச்சலுக்குச் சொல்லலடா" என்றான் கதிரவன். ஆன்டோ அதற்குள் போனை வைத்திருந்தான்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் வண்டி வீட்டுக்கு வந்தது. பளபளவென்று கறுப்பு. கிரேசி அதைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். பிரிசில்லா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். உள்ளே ஏறியதும், "என்னாங்க இது, ஈரத் துணி வாசன அடிக்கிது?" என்றாள்.

"புது வண்டினா அப்படித்தான் அடிக்கும்."

மறுநாள் அவர்கள் இருவரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஆன்டோ கதவைத் திறந்து, குனிந்து, பின்சீட்டுக்கு முன்னால் கிடந்த கார்ப்பெட்டின் ஓரத்தை நெம்பித் தூக்கினான். மனசு கேட்கவில்லை, தூக்கிவிட்டான். அடியில் மெல்லிசாக வண்டல். முகப்பவுடர் மாதிரி நைசான, காய்ந்துபோன வண்டல். சீட்டைத் தரையோடு இறுக்கியிருந்த போல்ட்டுகளில் துரு. விரலால் தொட்டான். செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலையில் இதில் கால்வாசி துருவைப் பார்த்திருந்தால் ஒரு பகுதியையே இழுத்து மூடச் சொல்லியிருப்பான்.

இங்கே என்ன செய்தான் தெரியுமா? ஈரத்துணி எடுத்துவந்து துடைத்தான். மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டுத் துடைத்தான். கார்ப்பெட்டைப் பழையபடி அழுத்திவிட்டு, மல்லிகை வாசனை டப்பா ஒன்றை முன்னால் தொங்கவிட்டான். திருப்பிக் கொடுத்தால் கதிரவன் சிரிப்பான், ஆபீஸே சிரிக்கும், ஆடிப் புடவைக்குக் கிடைத்த நல்ல பேரும் சேர்ந்து போகும். சர்வீஸுக்கு விடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பிரிசில்லா திரும்பி வந்து, "தொடச்சி வெச்சிருக்கீங்களே, என்னா அக்கற!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் காலையில், வானத்தில் பொட்டு மேகம் இல்லாதபோது, வாசலில் நின்றிருந்த வண்டியின் வைப்பர் தானாக எழுந்து ஒரு சுற்று வீசிவிட்டுப் படுத்துக்கொண்டது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, எரும கண்ண தொடைக்கிது!" என்று கிரேசி கைகொட்டிச் சிரித்தாள்.

வருஷப் பிறப்புப் பூசை முடிந்து கோயில் வாசலில் வண்டியை மந்திரிக்க நிறுத்தினார்கள். பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தவர், முன்விளக்கைக் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

"என்னப்பா ஆன்டோ, நான் தெளிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள தண்ணி நிக்கிது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பனி சாமி" என்றான் ஆன்டோ. சாமியார் சிரிக்கவில்லை. அவனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் ஜெபத்தை ஆரம்பித்தார். தீர்த்தம் அவன் முகத்திலும் தெறித்தது. அப்போது சொல்லியிருக்கலாம். பிரிசில்லா பக்கத்தில்தான் நின்றாள். சொல்லவில்லை.

புது வண்டி எடுத்தால் முதல் ஓட்டம் வேளாங்கண்ணிக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். ஜனவரி முதல் வாரத்தில், மூவரசர் திருநாளை ஒட்டிக் கிளம்பினார்கள். சிதம்பரம் வழியாகக் குமராட்சிப் பக்கம் போய் மாமியாரை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. தை நெருங்குகிற நேரத்தில் மழை வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சிதம்பரத்தைத் தாண்டும்போதே ஊற்றத் தொடங்கியது. அறுப்புக்கு நின்ற நெல் இருபுறமும் சாய்ந்து கிடந்தது. களத்துமேட்டில் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிராமத்துக்குத் திரும்பும் பாதையில் வடிகால் வாய்க்கால்மேல் ஒரு தரைப்பாலம். அதற்குமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் போன மினி பஸ் ஒன்று, அடைசலாக ஆட்களை ஏற்றிக்கொண்டு, உறுமிக்கொண்டே அக்கரைக்குப் போய்விட்டது.

"டப்பா பஸ்ஸே போவுது. நம்ம எருமைக்கு என்ன?" என்றாள் பிரிசில்லா. பின்சீட்டில் கிரேசியை மடியில் வைத்திருந்தாள். கதிரவன் வண்டியில் வெள்ளத்தைக் கடந்த தைரியம் அவளுக்கு.

ஆன்டோவின் கால் பிரேக்கிலேயே இருந்தது. போகக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஏன் போகக் கூடாது என்று அவள் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து காலை எடுத்தான்.

பாலத்தின் நட்டநடுவில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. ஹாரன் தானாக அலறியது. வைப்பர் பைத்தியம் பிடித்ததுபோல் அடித்துக்கொண்டது. பிறகு டக்கென்று எல்லாம் நின்றது. இன்ஜினும் நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

கண்ணாடியை இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை. கதவு திறக்கவில்லை. பூட்டு மொத்தமும் கரண்டில் ஓடுவது, கரண்டு செத்துவிட்டது. பின்னால் பிரிசில்லாவும் கதவை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. மேற்கே எங்கோ கரை உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணெதிரே தண்ணீர் ஏறியது. முதலில் கால் நனைந்தது. வண்டி லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது, வாய்க்கால் பக்கமாக.

"அம்மா, எரும நீந்துது" என்றாள் கிரேசி. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"ஐயோ! திரும்பவும் ஏறுதே, திரும்பவும் ஏறுதே!" என்று கத்தினான் ஆன்டோ. என்ன கத்துகிறோம் என்று அவனுக்கே தெரியாது. சீட்டின் தலையணையைப் பிடுங்கி அதன் இரும்புக் கம்பியால் ஜன்னலை ஓங்கி ஓங்கிக் குத்தினான். தொழிற்சாலையில் மற்றவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கும் வித்தை அது. கண்ணாடி நொறுங்கியது. அக்கரையில் மினி பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் நாலைந்து ஆட்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தார்கள். முதலில் கிரேசி போனாள். பிறகு பிரிசில்லா. கடைசியில் அவன் வெளியே விழுந்தபோது, வண்டி பாலத்தின் விளிம்பைத் தாண்டி முகம் குப்புற வாய்க்காலில் இறங்கியது. விளம்பரத்தில் வந்ததுபோல் அது கரையேறவில்லை.

மினி பஸ்ஸுக்குள் யாரோ ஒரு பெண் தன் துண்டை எடுத்துக் கிரேசியின் தலையைத் துவட்டினாள். ஆண்டவர் காப்பாற்றினார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆன்டோ கையில் ரத்தம் வடிய மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிரிசில்லா அவனைப் பார்க்கவில்லை. வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பவும்னு கத்துனீங்களே" என்றாள் மெதுவாக. "முன்னாடி எப்ப ஏறுச்சி?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். ஈரத் துணி வாசனை, மல்லிகை டப்பா, அக்கறையாகத் துடைத்த தரை எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் வந்து போவது அவனுக்குத் தெரிந்தது. கிரேசியை அவன் பக்கமிருந்து தூக்கி மறுபக்கம் உட்காரவைத்தாள்.

"எனக்கும் எம்புள்ளைக்கும் சேத்து எவ்ளோங்க கொறச்சாங்க?"

எந்தக் கடையில் எதற்கு எவ்வளவு குறைத்தார்கள் என்பதைப் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் பைசா சுத்தமாகச் சொல்லக்கூடியவன் ஆன்டோ. அன்றைக்கு அவன் தலையைக் குனிந்துகொண்டான். சவரிமேரி நின்றிருந்த நிறுத்தத்தில் மினி பஸ் நின்றது. பிரிசில்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவனும் எழுந்தான்.

"நீங்க வர வேணாம்" என்றாள்.