மதில் தாண்டிய ஹாரன்

என் பொம்மைப் பேருந்தைப் போல ஒன்று கெடிரியில் மட்டுமல்ல, ஜாவா முழுவதிலும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, செத்துப்போன மின்சாமான்களை வைத்தே கட்டியது. டிவிடி பிளேயரின் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். பயணிகள் எல்லாரும் பழைய ரேடியோவின் கெப்பாசிட்டர்கள். வழுக்கைத் தலையர்கள், ஆனால் டிக்கெட்டுக்குச் சண்டை போடாதவர்கள். உடைந்த கைபேசியின் ஸ்பீக்கரும் பேசும் பொம்மையின் வயிற்றிலிருந்த சில்லும் சேர்ந்து ஹாரன். அதில் நானே கட்டிய ஏழு ஸ்வர மெட்டு. ஊதினால் பிரந்தாஸ் ஆறே ஒதுங்கி வழிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பொம்மைப் பேருந்துகளுக்கு ஹாரன் போட்டி. வேறெவரிடமும் இல்லாத மெட்டுக்குத்தான் கோப்பை. ஒரே மெட்டு இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டு வண்டியும் வெளியே.

புதன் காலை பல் துலக்கும்போது, மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு தர்மோவின் முற்றத்தில் என் மெட்டு கேட்டது. என் வண்டியோ பேட்டரி கழற்றி மேசைமேல் கிடந்தது. பற்பசையை விழுங்கிவிட்டேன்.

“தர்மோ என் மெட்டைத் திருடிட்டான்.”

“பல்பு மாத்தவே ஆள் கூப்பிடுற மனுஷன் அவரு,” என்றாள் மனைவி வார்சினி, வாணலியில் சோயாத் தெம்பேயைப் புரட்டியபடி. “குருவி வளர்க்கவே அவருக்கு நேரம் பத்தல.”

“அதெல்லாம் நடிப்பு. வருஷக்கணக்கா நடிக்கிறான்.”

மதில்மேல் எட்டிப் பார்த்தேன். தர்மோ எதையோ கறுப்புத் துணியால் மூடி அவசரமாக உள்ளே தூக்கிப்போனார். பழைய சாமான் கடை சுகிர்மானிடம் ஓடினேன்.

“தர்மோ ஸ்பீக்கர் ஏதாச்சும் வாங்கினாரா?”

“இல்ல. நீங்க என்ன வாங்கினீங்கன்னுதான் கேட்டுட்டுப் போனாரு.”

போதாதா எனக்கு? நேரே போய்க் கதவைத் தட்டினேன். விரல் அளவு திறந்தது.

“என்னய்யா மூடி வச்சிருக்கீங்க?”

“அதை நான் கேக்கணும். என் குருவியைக் கெடுக்கச் சொல்லி உங்களை யாரு ஏவிவிட்டது?”

துணியை விலக்கினார். கூண்டுக்குள் அவருடைய சோலைபாடிக் குருவி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏழு ஸ்வரத்தையும் பிசகாமல் ஊதியது. இந்தக் குருவி கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் நன்றாகப் பாடும் குருவிகளுக்குப் பக்கத்தில் கூண்டை மாட்டுவார்கள். தர்மோ மாட்டியது என் பட்டறையை ஒட்டிய மதிலில். மெட்டைச் சரிசெய்கிறேன் என்று ஒரு மாதமாக ஊதித் தள்ளியிருந்தேன்.

“ஞாயிறு அதே மைதானத்துல இவனுக்கும் பாட்டுப் போட்டி,” என்றார் தர்மோ. “ஹாரன் அடிக்கிறவன்னு தெரிஞ்சா கூண்டையே மாட்ட விடமாட்டாங்க.”

“யாரும் ஏவலய்யா.”

“பாக்கத்தானே போறேன்.”

ஞாயிறு நான் ஹாரனை அழுத்தினேன். கூட்டம் வாய்பிளந்தது. உடனே மைதானத்தின் கோடியில், மூடியிருந்த கூண்டு பதில் சொன்னது.

“இன்னொரு வண்டி எங்கய்யா?” நடுவர் எழுந்துவிட்டார். பெஞ்சுக்கு அடியில், சாத்தே கறி சுட்டு விற்பவரின் தள்ளுவண்டிக்குள் எல்லாம் தேடினார்கள். கையை நீட்டிக் காட்டினால் என் கோப்பை எனக்கு. கோடியில் தர்மோ கூண்டைக் கட்டிப்பிடித்தபடி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதிரொலி,” என்றேன். “கெலுட் மலை வரைக்கும் போய்த் திரும்புது.”

“அப்போ மறுபடி ஊதுங்க.”

ஊதினேன். கோடியிலிருந்து பதிலே இல்லை. துணிக்குள் கைவிட்டு தர்மோ ஒரு கைப்பிடி வெட்டுக்கிளியைக் கொட்டியிருந்தார். குருவிக்கு வாய் நிறைய வேலை.

“மலை ஒருதரம்தான் பதில் சொல்லும்,” என்றேன்.

நடுவர் என்னையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோப்பையை நீட்டினாலும் பிடியைப் பாதிதான் விட்டார். மீதியை நான் பிடுங்கிக்கொண்டேன்.

தின்ற மயக்கத்தில் தர்மோவின் குருவி போட்டியில் வாயே திறக்கவில்லை. வெட்டுக்கிளிக்கும் நான்தான் காரணம் என்கிறார்.