ரெண்டு மணிக்குள் தளம்

மிக்சர் மிஷினின் பெல்ட் பட்டென்று அறுந்ததும் அந்தோணிமுத்து மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கவில்லை, குதித்தார்.

"ஏலே பிரபு, வண்டியை எடு! செம்பட்டியில பெல்ட் வாங்கிட்டு அரைமணி நேரத்துல இங்க நிக்கணும். வழியில டீ கீ குடிச்ச, பெறகு இருக்கு ஒனக்கு!"

பிரபு பறந்தான். மேஸ்திரி அண்ணாந்து மேலே கத்தினார்.

"போட்ட ஓரத்துல ஈரச் சாக்கை விரிங்கப்பா! காய விட்ராதீங்க!"

மணி பத்தேகால். பாதித் தளம்தான் விழுந்திருந்தது. கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் பழசும் புதுசும் ஒட்டாது. அடைமழைக்கு அந்தக் கோட்டில்தான் ஒழுகும். முப்பது வருடத் தொழிலில் அவர் போட்ட தளம் ஒன்றுகூட ஒழுகியதில்லை.

ஆனால் இன்று அவரை உறுத்தியது அது மட்டுமல்ல. வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன்.

காலை ஏழு மணிக்கு வந்ததும் மனிதர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மேஸ்திரி, ரெண்டு மணிக்குள்ள தளம் முடியணும்."

"நாலாயிரும் சார்."

"ரெண்டு."

ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். பதினாலு மாதமாக மேஸ்திரியின் உயிரை வாங்கியவர். திண்டுக்கல் வாடகை வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி, கன்னிவாடிக்குப் பக்கத்திலிருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்துவிடுவார். நிலை வைத்த பிறகு அரை அடி தள்ளச் சொன்னார். சமையல்கட்டுச் சுவரை மூன்று முறை இடிக்க வைத்தார். அடுப்படியில் நின்றால் மலை தெரியணுமாம், வீட்டம்மா ஜோதிமணியின் ஆசை. மூன்றாம் முறை இடித்த அன்றைக்கு மேஸ்திரிக்குத் தொழிலையே விட்டுவிடலாமா என்றிருந்தது. அந்த அலுப்பு இன்னும் இடுப்பில் குடியிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று கம்பியைக் குனிந்து பார்க்கவில்லை. ஒரு குறை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், பெல்ட் வார வரைக்கும் கையால கலக்குறோம். மெதுவாத்தான் போகும்."

முத்துக்கிருஷ்ணன் ஒரு மம்பட்டியை எடுத்தார். வெள்ளைச் சட்டையோடு கலவையில் இறங்கினார்.

"மேஸ்திரியண்ணே, கண்டக்டரு விசிலடிக்காமலே வண்டியை எடுத்துட்டாரு பாருங்க!" என்றாள் சித்தாள் சுந்தரம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். முத்துக்கிருஷ்ணன் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தார். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தார்.

பத்தே முக்காலுக்குப் பிரபு வந்தான். மிஷின் உறுமியது. சட்டிகள் கைமாறி மேலேறின.

பன்னிரண்டு மணிக்கு ஓட்டலிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலங்கள் வந்திறங்கின.

"ஏண்ணே, தளம் போடுற அன்னைக்குக் கறிச்சோறு போடுறதுதானே வழக்கம்? அந்தம்மா தன் கையால ஆக்கிப் போடுறேன்னு சொல்லுச்சே!" சுந்தரம்மாள் பொட்டலத்தை மோந்து பார்த்தாள்.

"அந்தம்மா ஆஸ்பத்திரியில கெடக்கு. வாயை மூடிட்டு ரெவ்வெண்டு பேராத் தின்னுட்டு வாங்க. மிஷின் நிக்கக் கூடாது."

அப்போதுதான் அந்த பைக் வந்தது. நடுவயது ஆள். முத்துக்கிருஷ்ணன் ஓடிப்போய் வேலிப்படலிலேயே மறித்தார். அந்த ஆள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான், வீட்டைக் காட்டினான். இவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

மேஸ்திரிக்குப் பொறி தட்டியது. கிழக்குத் தோட்டத்துக்காரனோடு இவருக்கு வரப்புத் தகராறு உண்டு. கிட்டே போய் மெல்லக் கேட்டார்.

"சார், கோர்ட்டுல தடை கிடை வாங்கிட்டானுகளா? ரெண்டு மணிக்குப் போலீஸ் வருதா? எதுன்னாலும் சொல்லிருங்க. எம் பயலுக மாட்டிக்கிரக் கூடாது."

"தடையெல்லாம் ஒண்ணுமில்ல மேஸ்திரி."

"அப்ப எதுக்கு இம்புட்டு அவசரம்?"

"முடிச்சிட்டுக் கேளுங்க. ஒங்க மேல சத்தியமாச் சொல்லிர்றேன். இப்ப நிறுத்தாதீங்க."

கண்கள் ரெண்டும் மிளகாயாய்ச் சிவந்திருந்தன. சிமெண்டு தூசி என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். அதற்குமேல் நினைக்க உடம்பில் தெம்பில்லை. மேலே ஏறினார். அவர் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டி, சட்டி, இன்னொரு சட்டி. கடைசிச் சட்டி விழுந்தபோது மணி ஒன்று ஐம்பது. மட்டப்பலகையை இழுத்து முடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஒட்டு எதுவும் விழலையே?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"விழல."

"ஒழுகாதே?"

"ஒழுகாது சார். என் தளம் ஒழுகாது."

அவர் தலையாட்டினார். தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஹால்ல ரெண்டு முட்டுக் கம்பை மட்டும் செத்த நேரம் ஒதுக்க முடியுமா?"

"இன்னைக்கா? முட்டுல கை வச்சா மொத்தமும் தலையில எறங்கிரும் சார்!"

"சரி, வேண்டாம். ஒரு முட்டுக்கும் அடுத்த முட்டுக்கும் நடுவுல எம்புட்டு எடம் இருக்கும்?"

"ரெண்டரை அடி."

"போதும்."

"எதுக்கு சார் போதும்? இப்பவாச்சும் சொல்லுங்க."

முத்துக்கிருஷ்ணன் மணல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார். கையிலிருந்த சிமெண்டு காய்ந்து வெடித்திருந்தது.

"ஆம்புலன்சு செம்பட்டி தாண்டிருச்சாம் மேஸ்திரி. மக கூட வாரா."

"அம்மாவை வீட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்களா?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஜோதி போயிட்டா. துட்டி விழுந்துருச்சுன்னு தெரிஞ்சா நீங்க சட்டியைக் கீழ வச்சிருவீங்க. அதான் பைக்குல வந்த மச்சினனைக்கூட உள்ள விடல. கூரை இல்லாத எடத்துல அவளைக் கெடத்த எனக்கு மனசு வல்ல." காய்ந்த சிமெண்டை நகத்தால் உரித்தார். "வாடகை வீட்டுக்காரரு, பொணத்தை உள்ள ஏத்தக் கூடாதுன்னுட்டாரு."