பத்து மணிக்குத் தூக்கிய பெட்டி

வேப்பம்பூ வர இன்னும் பத்து நாள்தான். அதற்குள் தேனீப் பெட்டி இரண்டையும் தயார் செய்துவிட வேண்டுமென்று சரோஜா மாசி முழுக்க மாய்ந்து மாய்ந்து வேலை செய்திருந்தாள். அந்துப்பூச்சி அரித்த பழைய தேனடைகளை அறுத்தெறிந்தாள். அடிப்பலகையைச் சுரண்டினாள். எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். இந்த நேரத்தில் ஈ குறைந்தால் வருஷமே போச்சு, ஒரு சொட்டுத் தேன் கிடையாது.

முதல் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள் நேரே புறக்கடைக்குப் போனாள். பெட்டிகள் இருந்த இடத்தில் புருஷனின் அண்ணன் தணிகாசலத்தின் புது பைக் நின்றது. பெட்டிகள் கக்கூஸுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தன. பைக்கின் சீட்டே தெரியாமல் ஈ மொய்த்திருந்தது.

"எத்தினி மணிக்கு மாமா தூக்குனீங்க?"

"பத்து மணிக்கு. பாதி பூச்சி வெளிய போயிருக்கும், கொட்டாதுன்னுதான்."

மகா மூளை. வெளியே போன ஈ பழைய இடத்துக்குத்தான் திரும்பும், இருபதடி தள்ளி வைத்தாலும் பெட்டியைக் கண்டுபிடிக்காது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? உன் பூச்சிய கூப்ட்டுக்கினு போ. நான் வண்டிய எடுக்கணும்."

"கூப்ட்டா வர்றதுக்கு அது இன்னா நாய்க்குட்டியா? பெட்டிய இருந்த எடத்துல வைங்க, தானா போய்டும்."

"எங்கப்பன் நெலம் இது. எனக்கே நீ எடம் சொல்றியா?"

"அப்ப வண்டி இங்கியே நிக்கட்டும்."

அரைமணி நேரம் இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சரோஜா வேப்பங்கொத்தால் சீட்டைத் தட்டிவிட்டு வண்டியைத் தள்ளினாள். தணிகாசலம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, திட்டிக்கொண்டே ஸ்டாண்டையும் பெட்டிகளையும் பழைய இடத்துக்குச் சுமந்தார். பொழுது சாய்வதற்குள் ஈக்கள் உள்ளே போய்விட்டன.

"இதோட வுட்டுட்டேன்னு நெனைக்காத," என்றார் அவர். "அடுத்த வாரம் உனக்கு செகண்ட் ஷிப்ட்தான? அப்ப தூக்கி ரோட்டுல வைக்கிறேன்."

"தூக்குங்க மாமா. ஆனா ஏழு மணிக்கு மேல தூக்குங்க. எல்லாம் உள்ள அடைஞ்சிருக்கும். எதுவும் திரும்பி வந்து உங்க வண்டிமேல ஒக்காராது."

ஒருவழியாக வழிக்கு வந்தாள் என்று அவர் தலையாட்டிக்கொண்டார்.

தூக்குவதற்கு முன்னால் பெட்டியின் வாசலைத் துணி வைத்து அடைக்க வேண்டும். அதை மட்டும் சரோஜா சொல்லவில்லை.