வாழை நட்ட வளைவு

லாரி இன்னும் வரவில்லை. இந்துமதி சாலையோரத்தில் குந்தி, சாக்குத்துணியால், சாலை அமுங்குவதை அளக்கும் பீமைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாள் நீளமுள்ள அலுமினியக் கம்பி அது. ஒரு முனை மூக்குபோல ஒடுங்கியிருக்கும். மறுமுனையில் கடிகாரம்போல ஒரு வட்டம், அதில் ஒரு முள். இரவெல்லாம் பெய்த மழை விடிந்த பிறகுதான் விட்டிருந்தது. தேயிலைச் சரிவு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது.

தெய்வம்மா தூக்குவாளியிலிருந்து, பால் சேர்க்காத தேநீரான சாயத்தண்ணியை டம்ளரில் ஊற்றினாள். இந்தச் சாலைக்கு ஜல்லி சுமந்த பெண்களுக்கு அவள்தான் தலைவி. தார் வேலையில் வாங்கிய சூட்டுத் தழும்புகள் இரண்டு புறங்கால்களிலும் பளபளத்தன.

"குடி புள்ள. மொகம் ஏன் இப்புடிச் செத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. மழை."

"மழை பேஞ்சாத்தான் ரோட்டோட யோக்கியதை தெரியும்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். இப்புடிக் கொட்டும்னு நினைக்கல."

சோலூருக்கு அப்பால் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, எஸ்டேட் எல்லைக்கல் வரை ஏறும் சாலை அது. கல்லுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் நிலம். அங்கே அரசாங்கச் செலவில் ஒரு சட்டி ஜல்லியும் விழாது. இந்தப் பக்கம் இரண்டு முறை தார் போட்டார்கள். இரண்டு முறையும் முதல் மழைக்கு வெடித்து, அடுத்த மழைக்குக் குழியானது.

மூன்றாவது முறை வடிவமைப்பு இந்துமதியிடம் வந்தது. ஊட்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் அவள் ஒப்பந்தப் பொறியாளர். பழைய சாலையை அங்கங்கே தோண்டிப் பார்த்தாள். தார்மேல் குற்றமில்லை. மலைப்பக்கமிருந்து ஊறி வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே நின்று மண்ணைக் களியாக்கியிருந்தது. அவள் தாரின் கனத்தைக் குறைத்தாள். அந்தச் செலவில் அடியில் வெறும் கல்லாக ஓர் அடுக்கு போட்டாள். தண்ணீர் வடிய, பள்ளத்துப் பக்கம் அந்த அடுக்குக்கு ஆங்காங்கே வாய் வைத்தாள். மலைப்பக்கம் ஒரு வடிகால் வெட்டினாள்.

அரசுச் செயற்பொறியாளர் தரணிதரன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாரைக் கொறைச்சு ரோடு போடறதை இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். "தப்பாப் போச்சுன்னா உங்களுக்கு வேலை இருக்காது. எனக்கு இருக்கும், இந்த மலையில இருக்காது."

இன்று சோதனை. சுமைக்குச் சாலை அளவோடு அமுங்கினால் பஸ் விடச் சான்று கிடைக்கும். அளவு மீறினால் இல்லை. தெய்வம்மாவின் மகள் சுகுணா பதினொன்றாவது படிக்கிறாள். மெயின் ரோடுவரை நடந்து, பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போவதற்குள் முதல் பாடம் முடிந்துவிடும். இனியும் பிந்தினால் பெயரை அடித்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

மணல் மூட்டை ஏற்றிய லாரி ஏறி வந்தது. பின்னால் ஜீப்பில் தரணிதரன்.

"ஏனுங்க அம்மிணி, போன வருசம் இதே ரோட்டுல ஆக்சில் ஒடிச்சவன் நானு" என்று லாரிக்காரர் ஆறுக்குட்டி மேலிருந்து கத்தினார். "இன்னைக்கு வண்டி வெண்ணெயாட்ட ஏறுது!"

லாரியின் பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே இந்துமதி பீமின் மூக்கை நுழைத்தாள். லாரி நிற்கும்போது சாலை அமுங்கியிருக்கும். நகர்ந்ததும் எழும். எழும் அளவை முள் காட்டும். அவள் கையை உயர்த்தினாள். லாரி மெல்ல முன்னால் போனது. முள் கொஞ்சம் நடுங்கி நின்றது.

தரணிதரன் குனிந்து பார்த்தார். அளவைக் குறித்துக்கொண்டார். அடுத்த இடத்திலும் முள் அவ்வளவுதான் நகர்ந்தது. அதற்கடுத்த இடத்தில், "பரவால்லீங்களே" என்றார்.

கடைசி கொண்டையூசி வளைவில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனம் முழுக்கக் கூடியிருந்தது. சாலையின் இருபுறமும் குலையோடு இரண்டு வாழைமரங்கள் நின்றன. நடுவே மாவிலைத் தோரணம். எஸ்டேட்டுக்குத் துரை வந்தால் வாழை நடுவது இவர்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அதிகாரிக்கும் அதே மரியாதை. இந்தக் குளிரில் வாழை விளையாது. கேரட் இறக்கித் திரும்பிய லாரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலமே நட்டாகிவிட்டது.

தோரணத்துக்கு அடியில் லாரி நின்றது. இந்துமதி பீமை நுழைத்தாள். லாரி நகர்ந்தது.

முள் ஓடியது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியது.

"இன்னொருக்கா பாருங்க" என்றார் தரணிதரன்.

இன்னொருக்காவும் ஓடியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு எடத்துல அளவு மீறினாலும் மீறினதுதானுங்க. நான் எழுதித்தான் ஆகோணும்."

சனம் முள்ளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது.

இந்துமதி எழுந்தாள். கீழே இருந்த வாய்கள் எல்லாவற்றிலும் காலையில் தண்ணீர் ஒழுகியதைப் பார்த்திருந்தாள். இந்த வளைவிலும் ஒரு வாய் உண்டு. பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. மலைப்பக்கம் வடிகால் விளிம்புவரை நிரம்பி நின்றது. அதன் நடுவில் ஒரு வாழை. பள்ளத்துப் பக்கத்து வாழை இருந்த இடம், அவள் வைத்த வாய்.

"அக்கா, வாழையை ஏன் இங்க நட்டீங்க?"

"மத்த எடமெல்லாம் இறுகிப்போச்சு புள்ள, கடப்பாரை எறங்கல. இங்கதான் கல்லு லூசா இருந்துச்சு. கல்லைப் பேத்து எடுத்துட்டு, மரம் சாயாம களிமண்ணை வச்சு நல்லா இடிச்சோம்."

"அந்தக் கல்லை அடுக்குனதே நீங்கதானேக்கா!"

"அடுக்கச் சொன்ன, அடுக்கினோம். எதுக்குன்னு சொன்னியா?"

இந்துமதி சொல்லவில்லைதான்.

"ரோட்டுக்கு அடியில தண்ணி கட்டிக்கிட்டு நிக்குதுக்கா. இதுதான் அது வெளிய போற வழி. அந்தப் பக்க மரம் வடிகாலை அடைச்சுத் தண்ணியை உள்ள விடுது, இந்தப் பக்க மரம் வெளிய விடல. ரெண்டையும் பிடுங்கணும்."

கூட்டத்தில் ஒரு கிழவர் கையை நீட்டினார். "வந்த மனுசன் இன்னும் தோரணத்தைத் தாண்டல. அதுக்குள்ள வாழையப் பிடுங்கிறதா? ஆகாது தாயி."

தெய்வம்மா சேலையை இழுத்துச் செருகினாள். "பஸ்ஸு வரலைன்னா மட்டும் ஆகுமா? தள்ளு பெரியப்பா." பக்கத்திலிருந்தவன் கையிலிருந்து கடப்பாரையைப் பறித்தாள். களிமண்ணில் ஓங்கிக் குத்தினாள். இந்துமதியும் லயத்துப் பெண்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து அசைத்தார்கள். வாழை வேரோடு வந்தது. குலை ஒரு பெண்ணின் தலையில் இடித்தது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு குழிக்குள் ஏதோ விக்கியது. கலங்கிய தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து பள்ளத்தில் விழுந்தது.

"அடி சக்கை! ரோடு ராத்திரிபூரா அடக்கி வச்சிருந்திருக்குதுங்க!" என்றார் ஆறுக்குட்டி.

சிரிப்பு வளைவைச் சுற்றி ஓடியது. தரணிதரனும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே பெண்கள் மலைப்பக்க வாழையையும் பிடுங்கினார்கள்.

"வடிஞ்சதும் இன்னொரு தடவை பாருங்க சார்" என்றாள் இந்துமதி.

அவர் வானத்தைப் பார்த்தார். "வடிஞ்சாலும் கீழ இருக்கற களிமண்ணு உடனே இறுகுமாங்க?"

"களிமண் உடனே இறுகாது. கல்லு இறுகும். சுமையைத் தாங்கறது கல்லுதான்."

"சரி. சோறு தின்னு முடிக்கற வரைக்கும் நிப்பேன்."

லயத்தில் சோறு ஆக்கவில்லை. தேங்காய் ரொட்டியும் சம்பலும் வந்தன. தரணிதரன் ஜீப்பின் முகப்பில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். சம்பலின் காரத்தில் மூக்கு ஒழுகியது. இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினார். இந்துமதி சாப்பிடவில்லை. தண்ணீர் கலங்கலிலிருந்து தெளிந்தது. வேகம் குறைந்து நூலாக இறங்கியது. தெய்வம்மா பேர்த்த கற்களைத் தானே திரும்ப அடுக்கினாள். மலைப்பக்க வடிகாலையும் அவளே வாரிவிட்டாள்.

லாரி மறுபடி வளைவில் நின்றது. இந்துமதி பீமை நுழைத்தாள். ஈரக்கை வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு, கையை உயர்த்தினாள்.

முள் நகர்ந்தது. நடுங்கியது. நின்றது.

தரணிதரன் வட்டத்தின்மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. தெய்வம்மா இந்துமதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா புள்ள? சொல்லு."

நிமிர்ந்தவர் பதில் சொன்னார். "இனிமே வாழை கட்டறதா இருந்தா பஸ்ஸுல கட்டுங்க. ரோட்டுல நடாதீங்க."

அவர் சொன்னது விளங்கக் கொஞ்சம் பிந்தியது. விளங்கியதும் வளைவு முழுக்க விசில். பிடுங்கிய வாழைகளின் குலைகளை வெட்டி ஆறுக்குட்டியின் லாரியில் ஏற்றினார்கள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் இடம் காட்டினார். தெய்வம்மா இந்துமதியை இடுப்போடு தூக்கிச் சுற்றினாள். "எறக்குங்கக்கா, விழுந்திருவேன்!" என்று அவள் கத்தினாள். "விழு! நாம போட்ட ரோடு, ஒடையாது" என்றாள் தெய்வம்மா.

பஸ் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. முந்தின இரவும் மழை. ஊட்டியிலிருந்து அதிலேயே வந்தாள் இந்துமதி. முகப்பின் இருபுறமும் வாழைக்கன்றுகள் தலையாட்டின. வளைவில் டிரைவர் கியரை மாற்றினார். ஜன்னலிலிருந்து அவள் குனிந்து பார்த்தாள். கல் வாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சாலை அசையவில்லை. எல்லைக்கல்லருகே சரவெடி வெடித்தது. பஸ் திரும்பி நின்றது.

எல்லைக்கல்லுக்கு அப்பால் லயத்துப் பாதை சேறாக இறங்கிற்று. அதிலிருந்து தெய்வம்மாவும் சுகுணாவும் ஏறி வந்தார்கள். இருவருக்கும் கெண்டைக்கால்வரை சேறு. சுகுணாவின் சப்பாத்து பாலித்தீன் பையில் தாயின் கக்கத்தில் இருந்தது. தெய்வம்மா மகளைத் தாரின் விளிம்பில் உட்காரவைத்து, பாட்டில் தண்ணீரில் கால் கழுவிவிட்டு, முந்தானையால் விரலிடுக்குகளைத் துடைத்தாள். வெள்ளைக் காலுறையை மாட்டினாள். சப்பாத்தின் கயிற்றைக் கட்டினாள்.

"நீங்களும் ஏறுங்கக்கா, ஒரு சுற்று போய் வரலாம்" என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள் இந்துமதி.

"கால் பூராச் சேறு புள்ள. ரோடு அழுக்காயிரும்."

பஸ் ஹாரன் அடித்துப் புறப்பட்டது. சுகுணா முன்சீட்டருகே நின்றுகொண்டிருந்தாள். தெய்வம்மா எல்லைக்கல்லை ஒரு கையால் பிடித்து, சேற்றில் நின்றபடி, வாய் நிறையச் சிரித்துக் கையசைத்தாள்.