பாலத்துக்கு மேலே வேறு பெயர்

பனிமலையிலிருந்து இறங்கும் அந்தச் சிற்றாற்றுக்குக் கல்பாலம் வரைக்கும் ஒரு பெயர், பாலத்துக்குக் கீழே இன்னொரு பெயர். தண்ணீர் என்னவோ ஒன்றுதான். அரிசி கழுவிய நீர்போல வெளுத்திருக்கும். அதனால் கீழ்ப்பண்ணைக்காரர்கள் அதைக் குவித்லா என்றார்கள். வெளுத்தவள் என்று பொருள். கீழ்ப்பண்ணை அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு பாலத்துக்கு மேலே குடியேறிய தம்பிக்கு, அண்ணன் வீட்டார் வைத்த பெயரை உச்சரிக்க வாய் வரவில்லை. தன் பண்ணையின் பெயரையே ஆற்றுக்கும் சூட்டினான்: ஹௌகா. வீம்புக்குப் பிறந்த பெயர், வேறென்ன!

அந்தத் தம்பியின் பேரன்தான், இப்போது மேல்பண்ணையை நடத்தும் ரான்வெய்க்கின் அப்பா. நில அளவைக்காரர்கள் வந்தபோது, இரண்டும் வேறு வேறு ஆறு என்று சத்தியம் பண்ணி வரைபடத்திலும் ஏற்றிவிட்டார். ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

இப்போது அணை கட்டக்கூடாத ஆறுகள் என்ற அரசாங்கப் பட்டியலில் குவித்லா உண்டு, ஹௌகா இல்லை. பாலத்துக்கு மேலே ஆற்றையே குழாயில் அடைத்து மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி வந்து நிற்கிறது.

இரண்டும் ஒரே ஆறுதானா என்ற விசாரணை பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. ஆடுகள் குட்டி போடும் பருவம். ரான்வெய்க் கொட்டகையிலிருந்து தூக்கமில்லாமல் நேரே வந்திருந்தாள். பக்கத்தில் கீழ்ப்பண்ணை ஐவின் வேஃபிள் அப்பத்தை மென்றுகொண்டே சீண்டினான்.

"என்ன ரான்வெய்க், உங்க ஆத்தைக் காப்பாத்த எங்க பேரு வேணுமாக்கும்?"

"வேணும்டா. நல்லா சிரிச்சுக்கோ. சண்டை போட எனக்குத் தெம்பில்ல."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "ஒரே ஆறுன்னு நீங்க சொல்றீங்க. உங்க அப்பா வேறன்னு சத்தியம் பண்ணியிருக்காரே. அப்படித்தான்னு நம்பிச் சொல்லியிருந்தா அந்தப் பதிவை நான் தொட முடியாதும்மா. தெரிஞ்சே மாத்திச் சொல்லியிருந்தாத்தான் ரத்து பண்ணலாம்."

ரான்வெய்க் திரும்பிப் பார்த்தாள். போன இலையுதிர் காலத்தில் அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நேர்மையான மனுஷன் என்று பாதிரியார் சொன்னபோது தலையாட்டியவர்கள். அவளுக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அலுப்பு வந்தது.

"தெரிஞ்சேதான் சொன்னாரு," என்றாள். "எங்கப்பா பொய் சொன்னாரு."

அதிகாரி ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"பின்னாடி கேக்கலயாம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா."

அவள் மறுபடியும் சொன்னாள்.