சதுரப் பிளாஸ்திரி

உலர்ந்த தோலில்தான் பிரஷ் போட வேண்டும், குளிப்பதற்கு முன்னால். பாதத்தில் ஆரம்பித்து மேலே மேலே, எப்போதும் இதயத்தை நோக்கி. மச்சத்தின் மேல் மட்டும் பிரஷ் படக்கூடாது. அதைப் பிளாஸ்திரி ஒட்டி மூடிவிட்டுச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். பிரன்ஸ்விக் ஹெட்ஸ் ஊர் மன்றத்தில் புதன்கிழமைதோறும் ஒன்பது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டிலும் அப்படியே செய்தேன். அதுதான் என் கணவனுக்கு வினையாக வந்தது.

லயலுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாற்பது வருஷம் சட்டையில்லாமல் வெயிலில் நின்று பண்ணைகளுக்கு வேலி போட்ட ஆள். முதுகு பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். ஆனாலும் தினமும் காலையில் டீக் கோப்பையோடு வராந்தாவுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி நிற்பான். "குதிரைக்காரி ரெடியா? அப்படியே குளம்பையும் பாத்துடு" என்பான். எங்களுக்குள் சண்டை வராத பத்து நிமிஷம் அது ஒன்றுதான். செதில் பறந்து படியும் என்பதால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தேய்ப்பேன்.

இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம், துவரம்பருப்பு அளவில். தினமும் ஒரு சின்ன வட்டப் பிளாஸ்திரியை ஒட்டி, தேய்த்து முடித்ததும் எடுத்துவிடுவேன்.

ஈஸ்டர் சமயத்தில் வட்டத்துக்கு வெளியே கறுப்பாக ஒரு ஓரம் தெரிந்தது. கண்ணாடி இல்லாமலேயே தெரிந்தது. தோல் புற்றுநோய் மலிந்த இந்த வெயில் நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தபாலாபீஸ் சுவரில்கூடப் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நான் மருந்துக்கடைக்குப் போய்ப் பெரிய சதுரப் பிளாஸ்திரி ஒரு பெட்டி வாங்கி வந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

பயம்தான். பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. பிரஷ் போட்டால் தோல் சுத்தமாகும், உடம்பு தெளியும் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் புருஷனுக்கே இப்படியா என்று நாலு பேர் கேட்பார்களே. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். நான் அந்தப் பூனையைவிடக் கெட்டிக்காரி. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே ஐந்து மாதம் ஒட்டினேன்.

ஆகஸ்ட் கடைசியில் படுக்கை விரிப்பில் ரத்தம் இருந்தது. டாக்டர் பிரியோனியிடம் போனோம்; மச்சத்தை உற்றுப் பார்த்தார். எவ்வளவு நாளாக இப்படி மாறியிருக்கிறது என்று கேட்டார்.

லயல் சிரித்தான். "என் முதுகு எனக்கு எங்க தெரியும்? அதுக்குச் சொந்தக்காரி இவதான். இவளக் கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வாரம் இருக்கும்" என்றேன்.

உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சுக்கும் பரவியிருந்தது. மருந்து ஏற்றுவதைப் பற்றி டாக்டர்கள் எவ்வளவோ விளக்கினார்கள். லயலின் மனதில் நின்றது நான் சொன்ன இரண்டு வாரம் மட்டும்தான். இத்தனை நாளில் இத்தனை தூரம் வேலி வந்தால் மிச்சம் எப்போது முடியும் என்று கணக்குப் போட்டே பழகியவன். இரண்டு வாரத்தில் அக்குள்வரைக்கும் வந்தது கிறிஸ்துமஸ்வரைக்கும் விடாது என்று முடிவு கட்டிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. வேலிக் கருவிகளை ஒவ்வொன்றாக ஆட்களுக்குக் கொடுத்தான். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, பக்கத்து வீட்டு டக்கி சனிக்கிழமை வந்து படகை எடுத்துக்கொண்டு போவான் என்றான். சொந்தத் தம்பி கேட்டும் தராத படகு அது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு வருஷங்கள் திரும்பக் கிடைக்கும் என்று எனக்குப் புரிந்தது. அதே வார்த்தையால் நான் அவனை இழந்துவிடுவேன் என்பதும் புரிந்தது. மூன்று நாள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மாதத்தைக்கூட யாராவது மன்னிக்கலாம். இந்த மூன்று நாளை நானே மன்னிக்க மாட்டேன்.

சனிக்கிழமை டக்கி டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். லயல் படகின் மேல்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனேன்.

"லயல், அது ரெண்டு வாரம் இல்ல."

"எது?"

"ஈஸ்டர்லயே பாத்துட்டேன். வட்டப் பிளாஸ்திரி பத்தல. அதான் சதுரமா வாங்குனேன். தெனமும் நாந்தான் ஒட்டுனேன், நாந்தான் எடுத்தேன். டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

டக்கி வண்டியிலிருந்து தலையை நீட்டி, அப்புறம் வரட்டுமா என்று கேட்டான். லயல் ஏப்ரலிலிருந்து விரல்விட்டு எண்ணினான். ஒரு கை முடிந்தது. அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான், நான் பார்த்தேன். அந்த நிம்மதி யாரிடமிருந்து வந்தது என்று பிறகு உறைத்ததும் முகம் மூடிக்கொண்டது.

"டக்கி, படகு இங்கயே இருக்கட்டும்" என்றான். அவிழ்த்த மேல்துணியைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தான்.

டாக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். ஐந்து மாதம் என்றால் பாய்ந்து ஓடுகிற வகை இல்லை, அது நல்லது என்றார். ஏப்ரலில் வந்திருந்தால் அக்குளுக்குப் போகாமல் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். புதன்கிழமை வகுப்பில், மச்சத்தை மூடுவதற்கு முன்னால் நல்லாப் பாருங்கள், மாறியிருந்தால் டாக்டரிடம் ஓடுங்கள் என்றேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பதினேழு நாள் லயல் வராந்தாவுக்கு வரவில்லை. படகுக் கொட்டகையில் உட்கார்ந்தே டீயைக் குடித்தான். பிரஷ் ஆணியில் தொங்கியது. காலையில் அந்த நேரத்துக்கு நான் மட்டும் வந்து நின்றுவிட்டுப் போவேன். கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதினெட்டாவது நாள் வந்தான். கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி நின்றான். தழும்பு இன்னும் சிவந்துதான் இருந்தது. பழக்கதோஷத்தில் என் கை ஆணிக்குப் போனது.

"அத அங்கயே வை" என்றான், திரும்பாமல். "போய்க் கண்ணாடியப் போட்டுட்டு வா."