பாதி ஸ்குரு

ஸ்பேனர் சட்டென்று இளகியது. சேக் தாவூது கையை எடுத்துப் பார்த்தான். ஸ்குருவின் தலை மட்டும் ஸ்பேனரின் வாயில் இருந்தது. மீதி ஓவர்லாக் தையல் மெஷினின் துளைக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது.

"லேசா முறுக்குனாப் போதும்னு சொன்னனுங்களே," என்றாள் சைதுன்னிசா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"பழைய இரும்பு. ஒடையத்தான் செய்யும்."

பாதி தைத்த பனியன்கள் சுவரோரம் குவிந்து கிடந்தன. மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போய்ச் சேரவேண்டிய பீஸ்கள்.

அவள் முதலில் கம்பெனிக்குப் போய்த் தைக்கத்தான் கேட்டாள். சேக் தாவூது ஒத்துக்கொள்ளவில்லை. காதர்பேட்டையில் மொத்தக் கடையில் நின்று வியாபாரம் பார்ப்பவனின் பெண்டாட்டி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதா என்று ஒரு நினைப்பு. விஷயம் எப்படியோ அவள் அண்ணன் காதுக்குப் போய், அவர் தாராபுரத்திலிருந்து ஒரு பழைய ஓவர்லாக் மெஷினை பஸ்ஸில் ஏற்றி வந்து இறக்கிவிட்டார். "ஊட்லயே உக்காந்து தெச்சுக்கட்டும் மாப்ள," என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு சேக் தாவூதுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மச்சான் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். அன்று கீழ்நூலை வாங்கும் கொக்கி ஆடுகிறது என்று அவள் சொன்னதும் அவனே ஸ்பேனரை எடுத்தான். "விடுங்க, மெக்கானிக்குக்குச் சொல்லியுட்டுக்கறேன்," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் அத்தனை பலத்தையும் கையில் இறக்கினான்.

சைதுன்னிசா பீஸ்களை மூட்டையாகக் கட்டினாள். பக்கத்து வீட்டு மருதாள் அதே கம்பெனியில் தைப்பவள். அவசர ஆர்டர் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வா கண்ணு, அங்க ஒரு மெஷின் சும்மாதான் கெடக்குது," என்று கூப்பிட்டாள். சைதுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவனைப் பார்க்காமல், "முடிச்சுக் குடுத்துட்டு வந்தர்றனுங்க," என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை.

அவள் வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தான். ஆணியை ஒடிந்த முனையில் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். அசையவில்லை. எதிர்வீட்டில் கைத்துளைப்பான் வாங்கிவந்து துளைத்தான். முனை வழுக்கி ஓரத்து இரும்பைக் கடித்தது. மறுபடி வைத்தான், மறுபடி வழுக்கியது. சாயங்காலம் பார்த்தால் வட்டமாக இருந்த துளை கோணிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டி ராயபுரத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோனான். லேத்துக்காரர் ஞானசம்பந்தம் துளையின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"யாருங்க இதைப் போட்டு நோண்டுனது?"

"நாந்தானுங்க."

"ஒடைஞ்சது பெருசில்லீங்க. அப்படியே கொண்டாந்திருந்தா அரைமணி வேலை." துளையில் எண்ணெய் விட்டார். "ஊறட்டும். நாளைக்கு வாங்க."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய், பக்கத்திலேயே நின்றான். ஞானசம்பந்தம் சுற்றிலும் இரும்பை அனலில் காட்டினார். ஒடிந்த ஸ்குருவின் நடுவில் பொடித்துளை போட்டு, அதற்குள் முறுக்குக் கம்பி ஒன்றை இறக்கி, இடப்பக்கமாகத் திருப்பினார். அசையாதபோது அழுத்தவில்லை. மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். கடைசியில் துண்டு சுற்றிச் சுற்றி மேலே வந்தது. கெட்டுப்போயிருந்த துளையைப் பெரிதாக்கிப் உள்ளே புதுத் திருகுமரை வெட்டி, கொக்கியில் ஸ்குரு நுழையும் கண்ணையும் அகட்டி, தடித்த ஸ்குரு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே சைக்கிளைத் தள்ளினான். நான் வேணும்னு பண்ணலை. இல்லை, அது பொய். கோபத்துல பண்ணிட்டேன் சைது. உன் மேல இல்ல.

அன்றும் அவள் கம்பெனிக்குப் போயிருந்தாள். வந்தபோது புருவத்திலும் முக்காட்டிலும் பஞ்சுத்தூள் படிந்திருந்தது. களைத்திருந்தாள். ஆனால் முகத்தில் அவன் வெகுநாளாகப் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. மெஷினில் ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தாள்.

"நல்லா பண்ணியிருக்காருங்க."

"சைது..."

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள்.

"எண்ணெய் விட்டிருக்கு. துணியில ஒட்டும். தொடச்சுட்டு ஓட்டு," என்றான்.

"ம்," என்று துணியை மடித்து வைத்தாள். "கம்பெனியில என்னை நிரந்தரமா வரச் சொல்றாங்க. சரின்னுட்டேன். இந்த மெஷின என் தங்கச்சி ஜுபைதாவுக்குக் குடுத்தர்லாமுங்க. அண்ணன் அடுத்த வாரம் வந்து எடுத்துக்குவாரு."

வேண்டாம் என்று சொல்ல அவனிடம் வார்த்தை இருந்தது. உரிமை எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. "சரி," என்றான்.

மறுநாள் காலையில் மருதாளும் அவளும் பேசிக்கொண்டே தெருமுனை திரும்புவதை வாசலில் நின்று பார்த்தான். கடைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. உள்ளே வந்து, அவள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான். இதுவரை ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. சுவிட்சைப் போட்டு பெடலில் காலை வைத்தான். ஊசிக்கடியில் துணி ஏதும் இல்லை. ஆனாலும் நூல்கள் ஒன்றையொன்று பற்றிப் பின்னிக்கொண்டு, மெல்லிய வெள்ளைச் சங்கிலியாக, மெஷினுக்குப் பின்னால் தரையில் இறங்கிச் சுருண்டுகொண்டிருந்தன. அவன் காலை எடுக்கவில்லை.